பத்து ஐம்பதுக்கு ஒரு ரிங்

இன்று காலை ஒன்பதாம் வகுப்பில் அமிலமும் காரமும் நடத்திக்கொண்டிருந்தேன். லிட்மஸ் தாளை நனைத்துப் பிள்ளைகளுக்குத் தூக்கிக் காட்டிய நேரம், மேசைமேல் இருந்த என் போன் அதிர்ந்தது. திரையில் ‘தர்ஷினி அம்மா’ என்று நீங்கள். ஒரே ஒரு ரிங். அணைந்துவிட்டது. சுவர்க் கடிகாரத்தில் மணி பத்து ஐம்பது.

நீங்கள் போய்ப் பத்து மாதம் ஆகிறது. அந்த சிம் கார்டு உங்கள் மகளிடம் இருப்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தாள் விரலிலேயே ஒட்டிக் காய்ந்தது. பத்து மாதமாக என்னோடு ஒரு வார்த்தை பேசாத பெண், இன்று ஒரு ரிங் விட்டுவிட்டு வைத்துவிட்டாள். முன் பெஞ்சில் ஒருத்தி, “மிஸ், கலர் மாறிடுச்சு மிஸ்” என்றாள். எதைச் சொல்கிறாள் என்றே எனக்குக் கொஞ்ச நேரம் விளங்கவில்லை.

‘தர்ஷினி அம்மா’ உங்கள் பெயர் இல்லை. டீச்சர்களின் போனில் பெற்றோர் எல்லாரும் அப்படித்தான் இருக்கிறார்கள். உங்கள் சொந்தப் பெயரை நான் முதலில் படித்தது உங்கள் தெருமுனையில் ஒட்டியிருந்த கண்ணீர் அஞ்சலி போஸ்டரில். பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டில் அது அவ்வளவு காலமும் இருந்திருக்கிறது. நான் புரட்டிப் பார்க்கவில்லை. அதனால் இங்கேயும் அதை எழுத வெட்கமாக இருக்கிறது.

உங்களை நான் முதலில் என்ன நினைத்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். அக்கறை இல்லாத அம்மா. தர்ஷினி எட்டாம் வகுப்புக்கு என்னிடம் வந்த முதல் மாதத்திலேயே டைரியில் ஏழு முறை எழுதி அனுப்பினேன். பக்கத்தில் உட்கார்ந்தவளைக் கிள்ளினாள், நோட்டைக் கிழித்தாள், பாடம் நடக்கும்போதே எழுந்து வாசலுக்கு ஓடினாள், நேரில் வரவும். ஏழுக்கும் அடியில் உங்கள் கையெழுத்து மட்டும் ஒழுங்காக வந்து சேர்ந்தது. பெற்றோர் கூட்டத்துக்கு வந்து கடைசி பெஞ்சில் உட்காருவீர்கள். உங்கள் முறை வருவதற்குள் எழுந்து போய்விடுவீர்கள். வீட்டில் கண்டிக்க ஆள் இல்லாமல் வளர்கிற பெண் என்று நான் முடிவே கட்டிவிட்டேன்.

பௌர்ணமிக்கு மறுநாள் அவள் நிலைமை இன்னும் மோசமாக இருக்கும். ஸ்டாஃப் ரூமில், “இன்னைக்கு உங்க தர்ஷினிக்கு ஏறிடுச்சா?” என்று கேட்டுச் சிரிப்பார்கள். நானும் சேர்ந்துதான் சிரித்தேன். பௌர்ணமிக்குக் கிரிவலக் கூட்டத்தில் ஊர் நிரம்பும், ஆசிரமத்துப் பக்கத்து விடுதிகளில் ரூம் கிடைக்காது, அந்த ரூம்களைத் துடைக்கிற பெண்களுக்குத் தூக்கம் இருக்காது. தூக்கம் கெட்டால் உங்களுக்கு என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியாது. கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

அந்தச் சாவி விஷயம் அப்படி ஒரு பௌர்ணமிக்கு மறுநாள்தான் நடந்தது. தர்ஷினி வலது கையை மூடியே வைத்திருந்தாள். இடது கையால் எழுதினாள். எழுத்து கோணல்மாணலாக ஓடியது. கையைத் திற என்றேன். மாட்டேன் என்றாள். வகுப்பு முழுக்க வேடிக்கை பார்க்கிறது என்றால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும், அது உங்களுக்குத் தெரியும். விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தேன். உள்ளே பழைய இரும்புச் சாவி ஒன்று, ஏதோ பெரிய பூட்டினுடையது, விரல் நீளம். எங்கே எடுத்தாய், யார் வீட்டுச் சாவி என்று அதட்டினேன். நான் அதைப் பிடுங்கியதும் என் மணிக்கட்டைக் கடித்துவிட்டாள். சாவியை மேசை டிராயரில் போட்டுப் பூட்டினேன். ஜெயித்துவிட்ட நினைப்பு எனக்கு.

அடுத்த பீரியடில் அவளைக் காணோம். பின்பக்கச் சுவரை ஏறிக் குதித்து, செங்கம் ரோட்டின் குறுக்கே ஓடியிருக்கிறாள். பஸ் ஒன்று பிரேக் போட்ட சத்தம் எங்கள் மாடி வரை கேட்டது. ஆட்டோ ஸ்டாண்டில் இருந்தவர்கள் இரண்டு கையையும் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். முட்டி கிழிந்து ரத்தம். “வுடுங்க, நான் வூட்டுக்குப் போவணும்” என்பதைத் தவிர அவள் எதுவும் சொல்லவில்லை. தலைமையாசிரியை ஒரே வரியில் முடித்துவிட்டார்: “டி.சி. எழுதிடுங்க. நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது?”

மறுநாள் நீங்கள் வந்தீர்கள். புடவைக் கொசுவம் நனைந்திருந்தது, உங்களோடு பினாயில் வாசனையும் அறைக்குள் வந்தது. தலைமையாசிரியை பேசி முடிக்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு நின்றீர்கள். டி.சி. என்றபோதுகூட வாய் திறக்கவில்லை. எல்லாம் முடிந்து வெளியே வந்ததும் என்னைப் பார்த்து ஒன்றே ஒன்றுதான் கேட்டீர்கள்.

“அந்தச் சாவிய மட்டும் குடுத்துடுங்க மிஸ். புள்ள ராத்திரி சாப்பிடல.”

எனக்கு எரிச்சலாக வந்தது. பெண்ணை வெளியே அனுப்பப் போகிறோம் என்கிறோம், இந்த அம்மா சாவியைக் கேட்கிறாள். “அப்படி என்னங்க இருக்கு அந்தச் சாவியில?” என்றேன். நீங்கள் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு என்னை சைக்கிள் ஸ்டாண்ட் ஓரத்துக்குக் கூப்பிட்டுப் போனீர்கள்.

“எனக்கு வலிப்பு வரும் மிஸ்.”

அதைச் சொல்ல உங்களுக்கு எவ்வளவு நேரம் பிடித்தது. சின்ன வயசிலிருந்தே இருக்கிறது, மாத்திரை சாப்பிட்டால் கம்மியாகும், தூக்கம் கெட்டால் ஜாஸ்தியாகும். வீட்டுக்காரர் பெங்களூரில் கட்டட வேலை, மாதத்துக்கு ஒருமுறை வருவார். மற்ற நாளெல்லாம் வீட்டில் நீங்களும் தர்ஷினியும்தான். வலிப்பு வரும்போதெல்லாம் அந்தச் சாவியை உங்கள் கையில் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவள் அவள், தன் எட்டு வயசிலிருந்தே. விடுதியில் தெரிந்தால் மாடிப் பக்கமே விடமாட்டார்கள், வேலை போய்விடும். வீட்டுச் சொந்தக்காரருக்குத் தெரிந்தால் வீடு போய்விடும். நாளைக்குப் பெண்ணைக் கட்டிக்கொடுக்கும்போது நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள். அதனால் யாரிடமும் சொல்லக் கூடாது என்று அவளிடம் சத்தியம் வாங்கியிருந்தீர்கள்.

“சாவி வீட்ல இருந்தாத்தான உங்களுக்கு உதவும்? இவ எதுக்கு ஸ்கூலுக்குத் தூக்கிட்டு வரா?”

“தான் புடிச்சினு இருந்தா எனக்கு வராதுன்னு நெனச்சிருக்கு மிஸ். டாக்டர் சொல்லிட்டாரு, சாவியெல்லாம் ஒண்ணும் பண்ணாதுன்னு. எனக்குத் தெரியும். புள்ளைக்குத்தான் அது வேணும்.”

நான் பிடுங்கிப் பூட்டியது எது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தக் குழந்தை ஓடியது சேட்டைக்காக இல்லை. அம்மா உயிரோடு இருக்கிறாளா என்று பார்க்க ஓடியிருக்கிறது. மணிக்கட்டில் பல் பதிந்த இடம் இன்னும் சிவந்திருந்தது. அதை முந்தானையால் மறைத்துக்கொண்டேன்.

தலைமையாசிரியை ஒருவரிடமாவது சொல்லியே ஆகவேண்டும் என்றேன். வேண்டவே வேண்டாம் என்றீர்கள். அரைமணி நேரம் சண்டை போட்டோம். கடைசியில், “உங்க பொண்ணு மாதிரி நெனச்சுச் செய்யுங்க” என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டீர்கள். நான் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். பிறகு, “இன்னொரு தடவ ஸ்கூல் கேட்டத் தாண்டினா என்னால காப்பாத்த முடியாது. நீங்க எழுதிக் குடுங்க, உங்க பொறுப்புன்னு” என்றார். எழுதிக் கொடுத்தேன்.

மிஸ்டு கால் உங்கள் யோசனை. காலை ரூம்களை முடித்து டீ குடிக்க உட்காரும் நேரம் பத்து ஐம்பது. “நான் ஒரு ரிங் வுடறேன் மிஸ். நீங்க எடுக்க வேணாம். நல்லா இருக்கேன்னு அர்த்தம். நீங்க பாப்பாவப் பாத்து ஒரு தலையாட்டு ஆட்டினாப் போதும்.” வகுப்பில் டீச்சர்கள் போன் வைத்திருக்கக் கூடாது என்பது எங்கள் பள்ளி விதி. எனக்கு மட்டும் விலக்கு கிடைத்தது. அந்த பீரியடையும் என் பேருக்கே மாற்றிக் கொடுத்தார் தலைமையாசிரியை. மற்ற டீச்சர்கள் என்ன சலுகை என்று முணுமுணுத்தார்கள். காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பலன் தெரிய நாளாயிற்று, ஆனால் தெரிந்தது. முதல் வாரம் ரிங் வரும்வரை சாவி அவள் கையில் இருக்கும், வந்ததும் மடியில். பிறகு பென்சில் பாக்ஸுக்குள் போனது. அப்புறம் பைக்குள். பௌர்ணமிக்கு மறுநாள் நான் அவளைக் கேள்வி கேட்கமாட்டேன், வாசல் பக்கத்தில் உட்காரவைப்பேன், நாலு முறை சாக்பீஸ் எடுத்து வர அனுப்புவேன். மாலையில் உங்களுக்கு போன் செய்து, இன்று இவள் சிரித்தாள், இன்று இன்னாரோடு சாப்பிட்டாள் என்று ஒப்பிப்பேன். நீங்கள் பதிலுக்கு, இரவு தூங்கினாளா, எதைக் கண்டு பயந்தாள் என்று சொல்வீர்கள். சத்தம் போட்டால் பயப்படுகிறாள் என்று நீங்கள் சொன்ன பிறகு நான் டஸ்டரை மேசையில் தட்டுவதை விட்டேன். பதினெட்டு வருடப் பழக்கம் அது.

ஒரே ஒரு விஷயத்தில் நாம் கடைசிவரை ஒத்துப்போகவில்லை. ஒருமுறை அவளையும் டாக்டரிடம் கூட்டிப் போங்கள், என்ன நோய், வந்தால் என்ன செய்யணும் என்று அவர் வாயாலேயே கேட்கட்டும் என்றேன். “கொழந்த கிட்ட எதுக்கு மிஸ் அதெல்லாம்? அது நிம்மதியா இருக்கட்டும்” என்றீர்கள். எல்லாவற்றையும் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்த குழந்தையிடம் சொல்ல மட்டும் கூடாது என்றீர்கள். நான் இன்னும் அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும். அம்மா சொல்கிறாள், நாம் யார் என்று விட்டுவிட்டேன்.

பிறகு ஒருநாள் ரிங் வரவில்லை. பத்து ஐம்பத்திரண்டு. ஐம்பத்தைந்து. தர்ஷினி எழுந்து நின்றாள். நான் போர்டில் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கதவருகே போய் நின்றேன். உங்கள் நம்பரைப் போட்டேன், அணைத்து வைக்கப்பட்டுள்ளது என்றது. அவள் என்னை நோக்கி நடந்து வந்தாள். “இன்னும் ரெண்டு நிமிஷம், அப்புறம் நானே வண்டியில கூட்டினு போறேன்” என்றேன். என் பாட்டன் பாட்டி பேசிய பேச்சு வாயில் வந்துவிட்டது. அவள் சாவியைப் பிடித்த பிடியில் விரல்கள் வெளுத்திருந்தன. பதினொன்று அடிக்கும்போது போன் அதிர்ந்தது. சார்ஜ் இல்லையாம்.

மாலையில் நீங்கள் என்னைச் சமாதானப்படுத்தினீர்கள். “இனிமே எது நடந்தாலும் அந்த நேரத்துக்கு ரிங் வந்துடும் மிஸ். கவலப்படாதீங்க.” நான் நிம்மதியாகப் பெருமூச்சுவிட்டேன். எது நடந்தாலும் என்றால் என்ன அர்த்தம் என்று ஒரு நிமிடம் யோசித்தேனா? இல்லை. அதற்காக இன்னும் என்னையே திட்டிக்கொள்கிறேன்.

அந்த வியாழக்கிழமை ரிங் சொன்ன நேரத்துக்கு வந்தது. தர்ஷினி அப்போது ஒன்பதாம் வகுப்பு. சாவியைத் தேடுவதைக்கூட மறந்திருந்த காலம். நான் தலையாட்டினேன். அவள் லேசாகச் சிரித்துவிட்டு நோட்டில் குனிந்துகொண்டாள். மதியச் சாப்பாட்டு மணிக்கு உங்கள் பக்கத்து வீட்டு பர்வீன் அக்கா ஆட்டோவில் வந்து இறங்கினார். செருப்புகூட இல்லை. அவர் முகத்தைப் பார்த்ததுமே எனக்கு விஷயம் தெரிந்துவிட்டது.

விடுதி மாடிப்படியில் காலை ஒன்பது மணிக்கே விழுந்திருக்கிறீர்கள். தலையில் அடி. ஆஸ்பத்திரியில் நடுவில் நினைவு வந்திருக்கிறது. முதலில் மணி என்ன என்று கேட்டீர்களாம். பிறகு பர்வீன் அக்காவிடம் போனைக் காட்டி, “பத்து அம்பதுக்கு மிஸ்ஸுக்கு ஒரு ரிங் வுட்ரு அக்கா. இல்லனா பாப்பா ரோட்ல ஓடி வந்துடும்” என்றீர்களாம். அவர் விட்டார். பன்னிரண்டே காலுக்கு நீங்கள் போய்விட்டீர்கள்.

ரிங் வந்ததற்கும் நீங்கள் போனதற்கும் நடுவில் ஒரு மணி இருபத்தைந்து நிமிடம். பள்ளியிலிருந்து ஆஸ்பத்திரிக்கு என் வண்டியில் பத்து நிமிடம். இந்தக் கணக்கை நான் போடாத நாள் இல்லை.

தர்ஷினி அழவில்லை. பர்வீன் அக்கா அவளைக் கட்டிக்கொண்டு அழுதார். அவள் அவர் தோளுக்கு மேலே என்னையே பார்த்தாள். “நீங்க தலையாட்டினீங்களே மிஸ்” என்றாள். அவ்வளவுதான். காரியம் முடிந்து அவள் அப்பா வந்து டி.சி. வாங்கினார். கிரிவலப் பாதையில் இருக்கும் அடி அண்ணாமலையில் சித்தி வீட்டில் விடப் போகிறார், அங்கே பக்கத்தில் ஒரு பள்ளி. எந்த டி.சி.யைத் தடுக்க நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேனோ, அதே டி.சி.யில் நடத்தை என்ற இடத்தில் ‘மிக நன்று’ என்று எழுதினேன். அவள் போகும்போது சாவியை என் மேசையில் வைத்தாள். “இது இனிமே எதுக்கு?” என்றாள். மிஸ் என்றுகூடச் சொல்லவில்லை.

அடி அண்ணாமலைக்கு இரண்டு முறை போனேன். கடையில் இருந்த சித்தி, “உள்ளதான் இருக்கா, வரமாட்டேங்கறா” என்று சங்கடப்பட்டார். போன் செய்தால் எடுப்பதில்லை. உங்கள் மேல் எனக்கு அவ்வளவு கோபம். செத்தவர்களை இப்படித் திட்டக் கூடாது என்பார்கள். திட்டுகிறேன். குழந்தை ரோட்டில் ஓடக் கூடாது என்று நினைத்தீர்கள், சரி. என்னிடமாவது உண்மையைச் சொல்லியிருக்கக் கூடாதா? நான் கையைப் பிடித்துக் கூட்டி வந்திருக்கமாட்டேனா? அப்புறம் ஆத்திரம் ஆறியதும் ஒன்று புரியும். நாம் இருவரும் சேர்ந்து போட்ட ஏற்பாட்டில் நன்றாக இருக்கிறேன் என்று சொல்ல ஒரு ரிங் இருந்தது. நன்றாக இல்லை என்று சொல்ல எதையுமே நாம் வைக்கவில்லை. அது உங்கள் தப்பு மட்டும் இல்லை.

இன்று காலைக்கு வருகிறேன். லிட்மஸ் தாளைக் கீழே போட்டுவிட்டு வராந்தாவுக்குப் போய்த் திருப்பிக் கூப்பிட்டேன். நாலாவது ரிங்கில் எடுத்தாள். மூச்சு மட்டும் கேட்டது.

“தர்ஷினி, நல்லா இருக்கியா?”

ம் என்று சொல்லிவிடுவாள் என்று பயந்தேன். யாரும் அதைத்தானே சொல்வார்கள்.

“இல்ல மிஸ்” என்றாள்.

நேற்று பௌர்ணமி. கிரிவலக் கூட்டத்தில் சாயங்காலம் சித்தி கடை முன்னாலேயே ஓர் அம்மா வலிப்பு வந்து விழுந்திருக்கிறார். சுற்றி நின்றவர்கள் எல்லாரும் சாவி, சாவி என்று கத்தியிருக்கிறார்கள். “என்கிட்ட இல்ல மிஸ். நான் அப்படியே நின்னுட்டேன். எங்கம்மா மாதிரியே இருந்தாங்க” என்றாள். அந்த அம்மா எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு நடந்து போனாராம். இவளுக்கு அதிலிருந்து சோறு இறங்கவில்லை. இன்று பள்ளியில் யாரையோ தள்ளிவிட்டிருக்கிறாள். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளிந்து நின்று பேசுகிறாள். பள்ளிக்கு போன் கொண்டுபோகக் கூடாது. அதை விசாரிக்கிற டீச்சராக நான் இன்று இல்லை.

“கேட்டத் தாண்டாத. நான் கெளம்பி வரேன்” என்றேன். “உங்க கிளாஸ் மிஸ் கிட்ட உங்கம்மாவப் பத்தி நான் சொல்லலாமா? எல்லாத்தையும்.”

உங்களுக்குச் செய்துகொடுத்த சத்தியத்தை அவள் நினைத்திருப்பாள்.

“சொல்லுங்க மிஸ்.”

போய்ச் சொன்னேன். சின்ன வயசு டீச்சர். நோட்டை எடுத்து, எந்த நேரத்தில் பயப்படுகிறாள், எங்கே உட்காரவைக்கலாம் என்று கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டார். சித்தியையும் கடையிலிருந்து கூப்பிட்டு உட்காரவைத்தோம். சனிக்கிழமை தர்ஷினியை உங்கள் டாக்டரிடமே கூட்டிப் போகிறோம். உங்களுக்கு என்ன இருந்தது என்று அவர் அவளுக்கே சொல்வார். நீங்கள் சம்மதித்திருக்கமாட்டீர்கள். பரவாயில்லை.

கிளம்பும்போது கைப்பையிலிருந்து சாவியை எடுத்துத் தர்ஷினிக்குக் காட்டினேன். பத்து மாதமாக அதைத் தூக்கிக்கொண்டுதான் திரிகிறேன். வாங்கி உள்ளங்கையில் வைத்து மூடினாள்.

“நான் வெச்சிக்கறேன் மிஸ். உங்களுக்கு எதுவும் ஆவக் கூடாது.”

எட்டு வயசிலிருந்து அந்தப் பெண் இன்னொருத்தருக்காகக் கையை மூடிக்கொண்டே இருந்திருக்கிறாள். விரல்களை நான் இந்த முறை பிரிக்கவில்லை. கையை நீட்டிக்கொண்டு காத்திருந்தேன். “இல்ல, குடு. நான் புடிச்சிக்கறேன். உனக்கு எதுவும் ஆவாது” என்றேன். ரொம்ப நேரம் கழித்துத் தந்தாள். அப்புறம்தான் அழுதாள்.

நாளையிலிருந்து பத்து ஐம்பதுக்கு ரிங் விடுவாள், தன் டீச்சரின் போனிலிருந்து. நான் எடுத்துப் பேசுவேன். எப்படி இருக்கிறாள் என்று அவள் வாயாலேயே சொல்லவேண்டும், இல்லை என்றாலும் சொல்லலாம் என்று பேசிவைத்திருக்கிறோம். நான் அறிவியல் டீச்சர். இரும்புக்கு அப்படி ஒரு சக்தியும் கிடையாது என்று நாற்பது பிள்ளைகளுக்குப் பாடம் எடுப்பவள். இருந்தாலும் நாளைக்கு அந்த நேரத்தில் சாவி என் கையில்தான் இருக்கும், கெட்டியாகப் பிடித்திருப்பேன்.